அந்த வெள்ளைப் பொடி யாருடையது?

இது தொண்ணூறுகளின் இறுதியில், கொழும்பில் நடந்தது. அப்போது நான் வெள்ளவத்தையில் அக்காவின் வீட்டில் தங்கியிருந்து, ஓர் ஆய்வுகூடத்தில் மேற்படிப்புக்கான ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று என் அடையாள அட்டையில் இருந்தது. அதனால் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டும் எப்போதும் கைப்பையில் இருக்கும். குடையை மறந்தாலும் அந்தத் துண்டை யாரும் மறக்காத காலம் அது.

என் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். மண்ணில் வாழும் சில பக்டீரியாக்கள், சாப்பாடு மிதமிஞ்சிக் கிடைத்தால் அதை உடம்புக்குள்ளேயே சிறுசிறு மணிகளாகச் சேர்த்து வைக்கும். நாம் கொழுப்புச் சேர்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிகளைப் பிரித்தெடுத்தால் அது ஒருவகைப் பிளாஸ்டிக். உருக்கலாம், வார்க்கலாம். மண்ணில் போட்டால் நாளடைவில் உக்கியும் போகும். அந்த வேலையைச் செய்யும் மரபணுக்களை, ஆய்வுகூடத்தில் சுலபமாக வளரக்கூடிய வேறொரு பக்டீரியாவுக்குள் புகுத்தி, சீனி ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகைத் தின்னக் கொடுத்து, பிளாஸ்டிக் செய்ய வைப்பதுதான் என் வேலை.

சொல்ல இலகுவாக இருக்கிறது. செய்யும்போது பாதி நாள் பக்டீரியா வளராது. வளர்ந்தால் மின்சாரம் போய்விடும். ஒரு வருடத்துக்கும் மேலாக மாரடித்த பிறகு, கழுவிக் காயவைத்த வெள்ளைப் பொடி ஒரு சிறிய போத்தல் நிறையச் சேர்ந்தது. பார்க்கக் கோதுமை மாவு போல இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை அது அதுவரையான என் வாழ்க்கையின் சாரம்.

அதே ஆய்வுகூடத்தில் இன்னொரு மாணவர் இருந்தார். மாத்தறையைச் சேர்ந்த சிங்களவர். கள்ளிலிருந்து எடுத்த மதுவத்தை, அதாவது ஈஸ்ட்டை, வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டில் நான் அவரைப் பற்றிச் சொல்லும்போது 'மாத்தறைக்காரர்' என்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். குடுவைகளை வெதுவெதுப்பில் வைத்துக் குலுக்கும் இயந்திரம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்காக எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. என் குடுவைகளை இறக்கி வைத்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றுவார். மறுநாள் நானும் அதையே செய்வேன். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை இல்லை.

பொடியைச் சூடாக்கி அழுத்தித் தகடாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கான இயந்திரம் எங்களிடம் இல்லை. அத்தானுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் வியாபாரி மட்டக்குளியில் சட்டைப் பொத்தான் செய்யும் சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். "தங்கச்சி கொண்டு வாங்க, அழுத்திப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆய்வுகூடத்திலிருந்து புறப்பட்டேன். போத்தலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மட்டக்குளி பஸ் ஏறினேன்.

கொட்டாஞ்சேனைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது வழக்கமானதுதான். பெண்களைச் சோதிக்க ஒரு பக்கம் சாக்குத்துணியால் மறைப்புக் கட்டியிருந்தது. உள்ளே இருந்த பெண் கான்ஸ்டபிள் அடையாள அட்டையைப் பார்த்தாள், பிறகு கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையை அவிழ்த்துப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேக்க மொக்கத்த?" இது என்ன என்று கேட்டாள்.

என் சிங்களம் கடைக்குப் போதும்; பொலிஸுக்குப் போதாது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பிளாஸ்டிக்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அந்த நாட்களில் பத்திரிகையில் பிளாஸ்டிக் என்று வந்தால், பக்கத்தில் வெடிமருந்து என்ற சொல்லும் வரும். அவள் மறைப்புக்கு வெளியே தலையை நீட்டிச் சார்ஜன்டைக் கூப்பிட்டாள். அவர் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நினைத்து நான் இன்னொன்றும் சொன்னேன்.

"அந்தப் பிளாஸ்டிக் இல்லை சேர். இது பக்டீரியா செய்தது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்கி மூடினார். விரல்களைக் காற்சட்டையில் துடைத்தார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. என்னையும் போத்தலையும் வெவ்வேறு வண்டிகளில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே போத்தலை உள்ளே கொண்டுவர யாரும் சம்மதிக்கவில்லை. முற்றத்தில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் அதைப் பாதி புதைத்தாற்போல வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் தூரத்தில் நின்று அதற்குக் காவல். கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் வந்து வாளியின் விளிம்பில் குந்தியது. அவர் தொப்பியைக் கழற்றி வீசித் துரத்தினார். நான் இருந்த வாங்குப் பலகையிலிருந்து இதெல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அந்த வாங்கில் எனக்கு முன்பே ஒரு பெண் இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. மலைநாட்டிலிருந்து வந்து பணக்காரர்கள் வாழும் கறுவாத்தோட்டப் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாளாம். அடையாள அட்டை எடுத்ததே இல்லை, அதற்காகப் பிடித்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க என்னா பண்ணுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பொடி கொண்டு வந்தனான்."

"என்னா பொடி?"

"பிளாஸ்டிக் பொடி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கெல்லாமா புடிக்கிறாங்க?" என்றாள். என்னைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டாள் போல இருந்தது.

பொறுப்பதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. என் விளக்கத்தைப் பாதியிலேயே நிறுத்தினார். பொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை வரும்வரை என்னை வைத்திருக்க வேண்டும் என்றார். அறிக்கை எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரும்" என்றார். அப்படி 'வரும்போது வரும்' என்று உள்ளே போனவர்கள் சிலரை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க விடுங்கள் என்று கேட்டேன்.

தொலைபேசியைப் பாவிக்க விட்டார்கள். பொத்தான் தொழிற்சாலைக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜும்ஆத் தொழுகை நேரம். என் ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் வெளிநாட்டில். வீட்டுக்குச் சொன்னால் அத்தான் ஓடி வருவார். அவருடைய அடையாள அட்டையிலும் யாழ்ப்பாணம்தான். வந்தால் வாங்கில் இன்னொருவருக்கு இடம் தேட வேண்டிவரும், அவ்வளவுதான். கடைசியில் ஆய்வுகூடத்துக்கே எடுத்தேன். மாத்தறைக்காரர்தான் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எந்த ஸ்டேசன்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டார். பயத்தில் கழன்றுகொண்டார் என்றே நினைத்தேன்.

ஆனால் வந்தார். ஆய்வுகூட வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல், அதில் பழைய சாயக் கறைகளோடு, த்ரீவீலரிலிருந்து இறங்கி நேரே உள்ளே போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது. தெற்குப் பக்கத்துச் சிங்களம், வேகமாக.

"அந்தப் பொடி என்னுடையது சேர். நான் செய்தது. இந்தப் பெண் என்னுடைய உதவியாளர். நான்தான் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினேன்."

எனக்கு முதலில் பிழையாகக் கேட்டுவிட்டது போலிருந்தது. பிறகு அவர் அதையே மறுபடியும் சொன்னார்.

"அப்படியென்றால் இது என்ன?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

"பிளாஸ்டிக், சேர். பக்டீரியாவைக் கொண்டு செய்தது."

நான் சொன்ன அதே இரண்டு சொற்கள். பொறுப்பதிகாரி சிரித்தார். கிருமி செய்கிற பிளாஸ்டிக்கில் வாளி செய்யலாமா என்று கேட்டார். ஒருநாள் செய்யலாம் என்றார் இவர். இப்படிப்பட்ட சாமானை ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்து இந்தப் பாதையால் அனுப்பலாமா, மூளை இல்லையா என்று பொறுப்பதிகாரி தகப்பனைப் போலக் கண்டித்தார். பிறகு மாத்தறைக்காரருக்குத் தேநீர் வந்தது.

பொடியைப் பரிசோதனைக்கென்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வாக்குமூலத்தில் அவர் கையெழுத்திட்டார். ஆய்வுகூடத்துக்கு ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார் என்று சொல்லி என்னை அவர் பொறுப்பில் விட்டார்கள். நான் எழுந்தபோது அந்த மலைநாட்டுப் பெண் என் கையை ஒரு தரம் பிடித்து விட்டாள். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அவளுக்காக யாராவது வந்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

த்ரீவீலரில் ஏறினோம். நான் நன்றி சொன்னேன். அவர் கோபமாக இருந்தார்.

"பக்டீரியா என்றா சொன்னீங்கள்? பொலிஸுக்கா?"

"வேற என்ன சொல்லுறது?"

"சோளமா என்று சொல்லியிருக்கலாமே."

ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அதுதான். கடைசியில் நான் கேட்டேன்: "ஏன் உங்கடை எண்டு சொன்னனீங்கள்? என்னுடையது எண்டு சொல்லி, என்னைத் தெரியும் எண்டு சொன்னால் போதாதா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுடையது என்று சொன்னால், நீங்கள் யார் என்று நான் விளங்கப்படுத்த வேணும். என்னுடையது என்று சொன்னால் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அணைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த கிழமை விசாரணை அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. வாக்குமூலத்தில் எழுதியாகிவிட்டது, இனி மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி என்று அவரும் மாட்டுவார், நானும் மாட்டுவேன். நான் லீவு எடுப்பது நல்லது என்று மாத்தறைக்காரர் நினைத்தார். உதவியாளரைக் காணவில்லையென்றால் அதுவே சந்தேகம் என்றேன். அதனால் அன்று நான் உதவியாளர் ஆனேன். அவர் என் மேசையில் நின்றார். நான் தொட்டியருகில் நின்று போத்தல் கழுவினேன்.

வந்தவர் சிவில் உடையில் இருந்தார். நடுவயது, மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. மாத்தறைக்காரரை 'மாத்தயா' என்று மரியாதையாக அழைத்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மாத்தறைக்காரர் என் வேலையை விளக்கத் தொடங்கினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், மோசமில்லை. பக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றை எடுத்து புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் வைத்தார். பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைத்திருக்கும் பக்டீரியாக் கூட்டங்கள் நாங்கள் இட்ட சாயத்தால் செம்மஞ்சளாக ஒளிரும். அதிகாரி குனிந்து பார்த்தார். "லஸ்ஸனய்" என்றார். அழகாக இருக்கிறதாம். முதன்முதலில் அந்த ஒளியைப் பார்த்த நாளில் எனக்கு அதைச் சொல்ல யாருமில்லாமல் தனியாகச் சிரித்தது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த குடுவையை மறுபடியும் கழுவினேன்.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் அதற்குத் தயாராகவில்லை.

"மாத்தயா, இந்தக் கிருமி இங்கிருந்து தப்பி வெளியே போனால்? சாக்கடைக் காணுக்குள் போய்விட்டால்? கொழும்பு முழுக்கப் பரவுமா?"

மாத்தறைக்காரர் தடுமாறினார். "பரவலாம்... ஆனால் ஆபத்தில்லை" என்றார்.

அதிகாரியின் பேனா நின்றது. "பரவலாமா?"

அறையில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. 'பரவக்கூடிய கிருமி' என்று அந்த மனிதர் ஒரு வரி எழுதினால் போதும். மாத்தறைக்காரரின் கழுத்து வியர்த்திருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். நான் குழாயை மூடினேன்.

"பரவாது சேர்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

என் கடைச் சிங்களத்தில் முடிந்த அளவு சொன்னேன். இந்தப் பக்டீரியாவுக்கு அந்த மரபணு கடன் வாங்கியது. அது அதற்குச் சுமை. அதை வைத்திருந்தால்தான் உயிர் தப்பலாம் என்ற நிலையை உண்டாக்க, சாப்பாட்டில் கொஞ்சம் மருந்து கலந்து கொடுக்கிறோம். அந்த மருந்தில்லாத இடத்துக்குப் போனால் அது சுமையை மெல்ல மெல்லத் தூக்கி எறிந்துவிட்டுச் சாதாரணப் பக்டீரியா ஆகிவிடும். காணுக்குள் ஏற்கனவே இருக்கிற முரடுகளோடு போட்டிபோடவும் அதற்குப் பலமில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முன்பொரு தடவை என் பக்டீரியா அப்படித் தூக்கி எறிந்ததால் ஒரு கிழமை முழுக்க நான் அழுதிருந்தேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு என் ஈரக் கைகளைப் பார்த்தார்.

"போத்தல் கழுவுகிற உதவியாளருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

மாத்தறைக்காரர் வாயைத் திறந்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பதிலை என்னிடம்தான் எதிர்பார்த்தார். பொய் சொல்லலாம், ஆனால் பொருத்தமான பொய் ஒன்றும் வரவில்லை. உண்மை தொண்டை வரை வந்து நின்றது. அதைச் சொன்னால் எனக்காக வந்தவர் மாட்டுவார்.

"கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டேன் சேர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தட்டை இன்னொரு தரம் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். என்ன எழுதினாரோ, ஓரிரு வரிதான். மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். மாத்தறைக்காரரிடம் விடைபெற்றார். கதவடியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்," என்றார். அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. "அடுத்த முறை கொண்டுபோகும்போது பேராசிரியரிடம் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடைய பெயரிலேயே வாங்குங்கள்."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரிந்துவிட்டது. மாத்தறைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பரவாது என்று நேற்றே சொல்லித் தந்திருக்கலாமே" என்றார். இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த திங்கட்கிழமை பார்த்தால், குலுக்கும் இயந்திரத்திலிருந்து என் குடுவைகள் வழக்கம்போல இறக்கி வைக்கப்பட்டிருந்தன.

பொடி திரும்பி வரவேயில்லை. யாரும் அதைப் பற்றி மேலே விசாரிக்கவுமில்லை. மீண்டும் முதலிலிருந்து செய்தேன். இந்த முறை ஓரளவு வேகமாகவே சேர்ந்தது. பேராசிரியர் திரும்பி வந்ததும், என் பெயரில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதில் பிளாஸ்டிக் என்ற சொல்லும் இல்லை, பக்டீரியா என்ற சொல்லும் இல்லை. 'ஆய்வு மாதிரி' என்று மட்டும் இருந்தது. அதே சோதனைச் சாவடியில் அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து விட்டார்கள்.

பொத்தான் தொழிற்சாலை முதலாளி, தொழில் முடிந்த நேரமாகப் பார்த்துப் பொடியை இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். உள்ளங்கையளவு தகடு ஒன்று வந்தது. மங்கலான வெள்ளை; ஓரத்தில் வெடிப்பு. அதை வளைத்துப் பார்த்தார். படக்கென்று முறிந்தது.

"என்ன தங்கச்சி, இதுக்கா ஒங்களப் புடிச்ச? சல்லிக்கும் ஒதவாது போல ஈக்கே!" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் தகட்டின் நொறுங்கும் தன்மையை நீக்கவே மேலும் சில வருடங்கள் போயின. வேறு ஊர்களில், வேறு ஆய்வுகூடங்களில் அந்த வேலையைத் தொடர்ந்தேன். மாத்தறைக்காரரும் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. விசாரணை அதிகாரி யார், எங்கிருந்து வந்தார் என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

உண்மையைச் சொல்வதற்குத் துணிச்சல் ஒன்றே போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை இன்னார் வாயிலிருந்து வந்தது என்று பாராமல் கேட்கக்கூடிய ஒருவர் எதிரில் இருந்தால்தான் அது உண்மையாகவே நிற்கும் என்பதை அந்த ஒரு கிழமை எனக்குக் காட்டியது. அதனால்தான் இப்போதும் யாராவது தடுமாறித் தடுமாறித் தம்மைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால், அவர்கள் யார் என்று கேட்பதற்கு முன் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க முயல்கிறேன்.